மறுத்தவர்கள் திருத்திய விருது

1954 ஜனவரி 2ஆம் தேதி குடியரசுத் தலைவரின் செயலகம் வெளியிட்ட அறிவிப்பு இரண்டு தேசிய விருதுகளை உண்டாக்கியது. ஒன்று பாரத ரத்னா. மற்றது பத்ம விபூஷண். அதற்குள்ளேயே முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என மூன்று படிகள். முதல் ஆண்டில் பாரத ரத்னா பெற்றவர்கள் ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன் ஆகிய மூவர். மூவரும் பழைய சென்னை மாகாணத்தில் பிறந்தவர்கள் என்பதால் தமிழ்நாட்டில் இந்தக் கதையைப் பெருமையோடு தொடங்குவதே வழக்கம். அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்று பட்டியல் நீளும். குடியரசு தினத்துக்கு முந்தைய மாலையில் பெயர்கள் வெளியாகின்றன. மறுநாள் நாளிதழ்களில் படங்கள் வருகின்றன. ஒரு வாரத்தில் பேச்சு அடங்கிவிடுகிறது. வாங்கியவர்களை மட்டும் வைத்துச் சொன்னால் இந்த விருதின் வரலாறு பாதிதான் தெரியும். இதை எதிர்த்தவர்கள், வேண்டாம் என்று திருப்பியனுப்பியவர்கள், நீதிமன்றத்துக்கு இழுத்தவர்கள், ஒரு கட்டத்தில் நிறுத்தியே வைத்தவர்கள் ஆகியோர்தாம் இதற்கு இன்றிருக்கும் மதிப்பில் பெரும்பங்கை ஈட்டித் தந்தார்கள் என்பது என் வாதம். அரசு கொடுத்ததாலேயே எந்த மரியாதைக்கும் கனம் வந்துவிடுவதில்லை. கொடுக்கும் முறை கேள்விக்கு உள்ளாகி, கொஞ்சமாவது திருந்தும்போதுதான் அது வருகிறது.

முதல் எதிர்ப்பு விருது பிறக்கும் முன்பே அரசியலமைப்பில் எழுதப்பட்டுவிட்டது. படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் தவிர வேறெந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது 18ஆம் பிரிவு. இந்தத் தடையின் வேர் ஆழமானது. நம் மன்னர்கள் கொடுத்த சிறப்புகள் ஆளின் பெயரோடு ஒட்டிக்கொள்பவை. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய தலைமைச் சிற்பி வீரசோழன் குஞ்சரமல்லனைக் கல்வெட்டு இராசராசப் பெருந்தச்சன் என்று குறிக்கிறது; அரசனின் பெயரே அவருக்குச் சிறப்பாக வந்து சேர்ந்தது. சோழர் காலத்து அதிகாரி ஒருவர் மூவேந்தவேளான் ஆனால் ஊரும் ஆவணமும் அவரை அப்படியே அழைத்தன. ஆங்கிலேயர் இந்த வழக்கத்தைத் தெரிந்து பயன்படுத்திக்கொண்டார்கள். ராவ் பகதூர், திவான் பகதூர், கான் பகதூர், சர் என்று அடுக்கடுக்காகப் பட்டங்கள் வந்தன. எல்லாமே தகுதியில்லாதவருக்குப் போயின என்று சொல்ல முடியாது. 1906இல் உ.வே. சாமிநாதையருக்கு மகாமகோபாத்தியாயப் பட்டம் கொடுத்தபோது அந்த அரசு சரியான ஆளைத்தான் கண்டுகொண்டது. ஆனால் பட்டம் யார் கையில் இருந்ததோ அவர் கையில்தான் பட்டம் பெற்றவரின் நாக்கும் ஓரளவு இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த எஸ். சுப்பிரமணிய ஐயர், தன்னாட்சி இயக்கத்துக்காக 1917இல் அமெரிக்க அதிபர் வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அதற்காக ஆட்சியாளரின் கண்டனம் வந்தபோது தம் சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார். 1919இல் ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் தாகூர் தம் சர் பட்டத்தைக் கைவிட்டார். மறு ஆண்டு காந்தி கெய்சர்-இ-ஹிந்த் பதக்கத்தைத் திருப்பியனுப்பினார். பட்டங்களைத் துறப்பது ஒத்துழையாமைத் திட்டத்தின் ஓர் அங்கமே ஆனது. அரசு தரும் மரியாதையை வேண்டாம் என்று சொல்வது இந்த நாட்டில் செருக்காகப் பார்க்கப்படவில்லை, அரசியல் ஒழுக்கமாக மதிக்கப்பட்டது. 18ஆம் பிரிவு அந்த ஒழுக்கத்தின் சட்ட வடிவம்.

இப்படி ஒரு தடையை எழுதி நான்கே ஆண்டுகளில் விருது ஏற்படுத்தியது முரண்தானே என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அந்தத் தடை இருந்ததால்தான் விருதின் உருவம் வேறாக அமைந்தது. பெயருக்கு முன்னும் பின்னும் போட முடியாதது, பரம்பரையாக இறங்காதது, பணமோ நிலமோ கூட வராதது, ஒரு பதக்கமும் குடியரசுத் தலைவர் கையொப்பமிட்ட சான்றும் மட்டுமே என்று அது சுருங்கியது. ஓராண்டு கழித்து, 1955 ஜனவரி 8ஆம் தேதி, வகுப்புப் பெயர்களும் போயின. ஒருவரை மூன்றாம் வகுப்பு என்று அரசே எழுதித் தருவது மரியாதையாகாது என்பது எவருக்கும் எளிதில் விளங்கும். பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்மஸ்ரீ என்ற இன்றைய பெயர்கள் அப்போது வந்தவை. படிநிலை அப்படியேதான் இருந்தது, எண்கள்தாம் மறைந்தன. பாரத ரத்னாவின் பதக்கமும் மாறியது. 1954இல் திட்டமிட்டது 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமான தங்கப் பதக்கம். பேரரசு காலத்துப் பதக்கங்களின் சாயல் அதில் தெரிந்தது. பிறகு வந்தது அரச இலை வடிவம். 5.8 சென்டிமீட்டர் நீளம், 4.7 சென்டிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான தடிமன். இலை வெண்கலத்தில் ஆனது. நடுவே பிளாட்டினத்தில் சூரியன், அடியில் தேவநாகரியில் விருதின் பெயர், மறுபக்கம் நாட்டின் சின்னம். கொல்கத்தா அலிப்பூரில் உள்ள அரசு நாணயச் சாலையில் இது வார்க்கப்படுகிறது. வெள்ளை நாடாவில் கோத்துக் கழுத்தில் அணிவிக்கிறார்கள். தங்கத்தை விட்டு வெண்கலத்துக்கும் வட்டத்தை விட்டு இலைக்கும் வந்த அந்த மாற்றம், பழைய தர்பார் வாசனையிலிருந்து விலக முயன்ற ஒரு குடியரசின் நல்ல ரசனையைக் காட்டுகிறது.

வடிவம் திருந்திய அளவுக்கு வழங்கும் முறை திருந்தவில்லை. 1955 ஜூலையில் பிரதமர் நேருவுக்குப் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. பிரதமரின் பரிந்துரையின்றித் தாமே எடுத்த முடிவு என்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் பொறுப்பேற்றுக்கொண்டார். 1971இல் பிரதமர் இந்திரா காந்திக்கு, குடியரசுத் தலைவர் வி.வி. கிரியின் காலத்தில், 1975இல் வி.வி. கிரிக்கு, இந்திரா காந்தியின் ஆட்சியில். மூவருமே விருதுக்கு உரியவர்கள் என்று வைத்துக்கொண்டாலும் இந்த வரிசை பார்ப்பவருக்கு உறுத்தும். இதே தலைமுறையில் வேறுவிதமாக நடந்துகொண்டவர் கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத். விருதுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருப்பவர்களே அதைப் பெறக் கூடாது என்று சொல்லி அவர் ஏற்க மறுத்ததாகவே அவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் பதிவு செய்கிறார்கள். அவர் மறைந்து 34 ஆண்டுகளுக்குப் பின், 1992இல், அது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. ஆச்சார்ய கிருபளானி இன்னும் ஒரு படி மேலே போனார். 18ஆம் பிரிவு முன்வாசலில் துரத்தியதைப் பின்வாசலில் கூட்டி வருகிறார்கள் என்பது அவர் கருத்து. விருதுகளை ஒழிக்க வேண்டும் என்று 1969இல் நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். மசோதா தோற்றது. ஆனால் அவர் எழுப்பிய வாதம் தோற்கவில்லை. 1977 ஜூலை 13ஆம் தேதி மொரார்ஜி தேசாயின் ஜனதா அரசு எல்லா விருதுகளையும் நிறுத்தியது. அந்த ஆண்டு ஜனவரியில் பரதக் கலைஞர் பாலசரஸ்வதிக்குப் பத்ம விபூஷண் கொடுத்த நாடு ஜூலையில் அந்த விருதே வேண்டாம் என்றது. 1980 ஜனவரி 25ஆம் தேதி இந்திரா காந்தி அவற்றை மீட்டெடுத்தார். அவ்வாண்டு அன்னை தெரசாவுக்குப் பாரத ரத்னா. 1991இல் அதே மொரார்ஜி தேசாய்க்கும் பாரத ரத்னா வந்தது, அவரும் ஏற்றார். இதை அவருடைய தனிப்பட்ட தடுமாற்றம் என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. நிறுத்துவதும் தொடங்குவதும் ஆட்சியின் ஒரே கையெழுத்தில் நடக்க முடிந்ததென்றால், விருதுக்கென்று தனியாக நெறிமுறை எதுவும் அதுவரை வேர்பிடிக்கவில்லை என்று பொருள்.

அந்த நெறிமுறையை ஓரளவேனும் கொண்டுவந்தது நீதிமன்றம். 18ஆம் பிரிவை மேற்கோள் காட்டிக் கேரள உயர் நீதிமன்றத்திலும் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்திலும் 1992இல் மனுக்கள் வந்தன. விருதுகள் மறுபடியும் நின்றன. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 1995 டிசம்பர் 15ஆம் தேதி தீர்ப்பளித்தது. தேசிய விருதுகள் பட்டங்கள் அல்ல என்றார்கள். ஒவ்வொரு துறையிலும் மேன்மையை நாடுவதை அடிப்படைக் கடமையாகச் சொல்லும் அரசியலமைப்பு, அந்த மேன்மையைக் கண்டுகொள்ளும் ஏற்பாட்டைத் தடுக்காது என்றார்கள். கூடவே, பெயருக்கு முன்னோ பின்னோ இவற்றைச் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் விருதைப் பறிக்கலாம், தேர்வுக்கு உயர்மட்டக் குழு வேண்டும், வரைமுறையின்றி வாரி வழங்கக் கூடாது என்றும் சொன்னார்கள். வழக்குத் தொடுத்தவர்கள் தோற்றார்கள்; ஆனால் அவர்கள் கேட்டவற்றில் நியாயமானவை தீர்ப்புக்குள் நுழைந்துவிட்டன. அடுத்த ஆண்டே குடியரசுத் துணைத் தலைவர் கே.ஆர். நாராயணன் தலைமையில் மறுஆய்வுக் குழு அமைந்தது. இன்று ஓராண்டில் 120 பத்ம விருதுகளுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு இருக்கிறது; மறைந்தவர்களும் வெளிநாட்டில் வாழ்பவர்களும் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். சுபாஷ் சந்திர போஸ் வழக்கும் இதே காலத்தது. 1992இல் அவருக்கு மறைவுக்குப் பிந்தைய பாரத ரத்னா என்று அறிவித்தார்கள். அவர் மறைந்தார் என்பதையே ஏற்காதவர்கள் கொதித்தெழுந்தார்கள், குடும்பமும் ஏற்கவில்லை. 1997இல் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. ஓர் அறிவிப்பில் ஒரு சொல்லைப் போடும் முன் அரசு யோசிக்க வேண்டும் என்று மக்களின் உணர்வு கற்றுக்கொடுத்த தருணம் அது.

தீர்ப்பு சொன்னாலும் பட்டப் பழக்கம் நம்மை விட்டுப் போய்விடவில்லை. சபா அழைப்பிதழிலும் திரைப்படத் தலைப்பு அட்டையிலும் பத்மஸ்ரீ இன்றும் பெயருக்கு முன்னால் வருகிறது. தெலுங்குத் திரையுலகில் இது நீதிமன்ற வழக்காகவே போனது. தமிழ்நாட்டில் மேடைக்கு மேடை ஒரு பட்டம் கொடுப்போம், அதைப் பெயரைவிட உரக்கச் சொல்லுவோம். ரசிகர்கள் அன்பால் சூட்டுவதில் தவறேதுமில்லை. அவர்கள் அரசு அல்ல. அரசு கொடுப்பதைப் பெயரில் ஏற்றும்போதுதான் குடிமக்களுக்குள் உயர்வு தாழ்வு உண்டாகிறது. சட்டம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான், அந்தக் கவலை சரியானது என்றே நினைக்கிறேன்.

சட்டத்தாலும் எட்ட முடியாத இடத்தைத் தனிமனிதர்களின் மறுப்பு எட்டியது. சிதார் மேதை விலாயத் கான் 1964இல் பத்மஸ்ரீயையும் 1968இல் பத்ம பூஷணையும் 2000இல் பத்ம விபூஷணையும் மறுத்தார். தம் இசையை எடைபோடும் தகுதி தேர்வுக் குழுவுக்கு இல்லை என்பது அவர் நிலை. கேட்பதற்குக் கர்வம் போலத் தோன்றும். ஆனால் இசையைத் தெரிந்தவர் எத்தனை பேர் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்விக்கு அரசிடம் நேரான பதில் இருந்ததில்லை. வரலாற்றறிஞர் ரொமிலா தாப்பர் 1992இலும் 2005இலும் பத்ம பூஷணை மறுத்தார். தம் தொழில் சார்ந்தவர்களும் கல்வி நிறுவனங்களும் தரும் பாராட்டையே ஏற்பேன் என்றார். வரலாறு எழுதுபவர் ஆட்சியிடமிருந்து தள்ளி நிற்க வேண்டும் என்ற தொழில் நேர்மை அது. 2016இல் பத்மஸ்ரீ தர முன்வந்தபோது எழுத்தாளர் ஜெயமோகனும் இதே காரணத்தையே ஒட்டி மறுத்தார்: அரசின் அங்கீகாரம் தம் கருத்துகளின் நடுநிலையைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கும் என்பது. எஸ். ஜானகியின் மறுப்பு வேறு வகை. அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தென்னக மொழிகளிலெல்லாம் பாடியவருக்கு 2013இல் பத்ம பூஷண் வந்தது. காலம் கடந்து வந்தது, தென்னகக் கலைஞர்கள் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். மேற்கு வங்கத்தில் சந்தியா முகர்ஜிக்கு 90 வயதில், 2022இல், பத்மஸ்ரீ தருவதாகச் சொன்னபோது அவரும் ஏற்கவில்லை. வாழ்நாளெல்லாம் பாடிவிட்டு ஓய்ந்த ஒருவரிடம் கடைசிப் படியிலுள்ள விருதை நீட்டுவது அவரை மதிப்பதாகுமா? இரு பாடகிகளும் சொன்னதில் எந்தத் தத்துவமும் இல்லை, பட்ட காயம்தான் இருக்கிறது. விருது யாருடைய நேரத்துக்கு நடக்கிறது என்பதை அந்தக் காயம் நமக்குச் சொல்லிவிடுகிறது.

இதற்கு வலுவான ஓர் ஆட்சேபம் உண்டு. மறுப்பது புகழ் பெற்றவர்களுக்கே கட்டுப்படியாகும். பெயரே வெளியில் தெரியாத கலைஞருக்கும் தொண்டருக்கும் இந்த ஒரு சான்றுதான் வாழ்நாள் உழைப்புக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி, அவர்கள் கையில் கிடைத்ததை மதிப்பிறக்க மறுப்பாளர்களுக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். 2023இல் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பாம்பு பிடிக்கும் திறனுக்காகப் பத்மஸ்ரீ பெற்றார்கள். தலைமுறை தலைமுறையாக இருளர் கைவசமிருந்த அறிவு பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்கத் துணைநிற்கிறது. பள்ளிப் படிப்பு கொடுக்காத அந்த அறிவை நாடு அறிவென்று ஏற்றது சிறிய செய்தியல்ல. 2019இல் மதுரைக் களஞ்சியம் மகளிர் குழுக்களின் சின்னப்பிள்ளைக்கும் பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜுக்கும், 2021இல் நூறு வயதைக் கடந்த உழவர் பாப்பம்மாளுக்கும், 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் புரிசை கண்ணப்ப சம்பந்தனின் தெருக்கூத்துக்கும் பத்மஸ்ரீ போனது. கர்நாடக இசைக்கு 1954இலேயே எம்.எஸ். சுப்புலட்சுமி வழியாகப் பத்ம பூஷண் கிடைத்துவிட்டதையும் பறைக்கு 2025 வரை ஆனதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தப் பெயர்கள் எவ்வளவு நீண்ட புறக்கணிப்பைக் கடந்து வந்திருக்கின்றன என்பது விளங்கும். ஆனால் இந்த வாதம் மறுப்பாளர்களுக்கு எதிராக நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை. விருது செல்வாக்குள்ளவர்களின் வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது என்று பல பத்தாண்டுகள் விடாமல் குறை சொன்னதால்தான் வட்டம் கொஞ்சம் அகன்றது. அந்தக் குறை எழாமல் இருந்திருந்தால் பாம்பு பிடிப்பவரின் பெயரைப் பட்டியலில் தேட யாருக்கும் தோன்றியிருக்காது.

அரசே முன்வந்து செய்த மாற்றத்தை எதிர்ப்பாளர்களின் கணக்கில் எழுதுகிறீர்களே என்றும் கேட்கலாம். உண்மைதான், அண்மைக் காலத்தில் இணையம் வழியாக எந்தக் குடிமகனும் ஒருவரைப் பரிந்துரைக்கலாம், தன்னையே கூடப் பரிந்துரைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கியது அரசுதான். அது நல்ல மாற்றம், அதற்குரிய பாராட்டை நான் குறைக்கவில்லை. ஆனால் அமைச்சர்களும் மாநில அரசுகளும் பெயர் அனுப்பும் முறை சிபாரிசுக்கு வழி விடுகிறது என்ற புகார் அதற்கு முன் எவ்வளவோ காலமாக இருந்தது. வாசலைத் திறந்துவிட்டார்கள், உள்ளே நடப்பது இன்னும் வெளியே தெரிவதில்லை. அமைச்சரவைச் செயலாளர் தலைமையில், உள்துறைச் செயலாளரும் குடியரசுத் தலைவரின் செயலாளரும் நான்கு முதல் ஆறு வரை சான்றோரும் அமர்ந்து பெயர்களைத் தேர்கிறார்கள். பிரதமரும் குடியரசுத் தலைவரும் ஒப்புகிறார்கள். ஒருவரை ஏன் இந்த ஆண்டு எடுத்தார்கள், ஏன் பூஷண் அல்ல ஸ்ரீ என்று முடிவு செய்தார்கள் என்பதற்கு ஒரு பக்கக் குறிப்பாவது பொதுவில் வைத்தால், ஜானகி எழுப்பிய கேள்விக்கும் விலாயத் கான் எழுப்பிய கேள்விக்கும் பதில் சொல்லும் கடமை தானாக வந்துசேரும்.

எதிர்ப்பின் கை எட்டாத இடம் பாரத ரத்னா. அதற்குக் குழு கிடையாது. பிரதமர் பரிந்துரைக்கிறார், குடியரசுத் தலைவர் வழங்குகிறார். ஆண்டுக்கு மூவர் என்ற வரம்பை 1999இல் நால்வருக்கும் 2024இல் ஐவருக்கும் கொடுத்துத் தாண்டினார்கள். தொடக்க விதி கலை, இலக்கியம், அறிவியல் இவற்றின் வளர்ச்சிக்கும் உயர்ந்த பொதுப்பணிக்கும் என்றுதான் சொன்னது. முதலில் நின்ற சொல் கலை. ஆனால் ஒரு கலைஞர் கலைஞராகவே அதைப் பெற 38 ஆண்டுகள் ஆயின. 1992இல் சத்யஜித் ராய் பெற்றார், அடுத்த சில வாரங்களில் மறைந்தார். அதற்கு முன் 1988இல் எம்.ஜி.ஆருக்குக் கிடைத்ததே என்றால், முதலமைச்சராக இருக்கும்போதே மறைந்த தலைவர் என்ற முறையில் அது வந்தது. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய காலம் அது என்பதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவர் அம்பேத்கருக்கு அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1990இல்தான். இசைக்கு முதன்முதலில் 1998இல், எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு. 2024 வரை பெற்ற 53 பேரில் பெண்கள் ஐவர்: இந்திரா காந்தி, அன்னை தெரசா, அருணா ஆசப் அலி, எம்.எஸ். சுப்புலட்சுமி, லதா மங்கேஷ்கர். விளையாட்டையும் சேர்ப்பதற்காக 2011இல் விதியைத் திருத்தி, மனித முயற்சியின் எந்தத் துறைக்கும் என்று விரித்தார்கள். 2014இல் டெண்டுல்கர் வந்தார். விதியில் முதலிலிருந்தே எழுதப்பட்டிருந்த இலக்கியத்துக்கோ, கவிஞர் அல்லது நாவலாசிரியர் என்பதற்காக மட்டுமே ஒருவரைத் தேர்ந்ததாக 70 ஆண்டுப் பட்டியலில் ஒரு பெயர் இல்லை. எத்தனையோ மொழிகளில் எழுதும் ஒரு நாட்டில் இது தற்செயலாக நேர்ந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே அலுவலகத்தின் மேசையில் முடிவாகும் விருதில் அந்த மேசைக்குத் தெரிந்த முகங்களே திரும்பத் திரும்ப வரும். பத்ம விருதுகளுக்கு 1995இல் கேட்கப்பட்ட குழுவையும் வரைமுறையையும் பாரத ரத்னாவுக்கும் கேட்டு இன்னும் யாரும் உச்ச நீதிமன்றத்தின் படியேறி வெற்றி பெறவில்லை.